துணி எடுக்காத ஓராண்டு

1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரையாடையோடு வெளியே வந்தது நாம் பள்ளியிலேயே படித்த கதை. அதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அவர் அன்று எடுத்தது ஆயுள் விரதம் அல்ல. தொப்பியையும் மேல்சட்டையையும் குறைந்தது அக்டோபர் 31 வரை விட்டுவிடுவதாகத்தான் அறிவித்தார். ஐந்தரை வாரம், அவ்வளவுதான். காரணம் ரயிலில் நடந்த ஒரு பேச்சு. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் அவர் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அந்நியத் துணி உடுத்தியிருந்தார்கள். கதர் கட்டச் சொன்னபோது, கதர் விலை அதிகம், எங்களைப் போன்ற ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அதில் உண்மை இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் கண்ட வழி மலிவான கதரைத் தேடுவது அல்ல. உடுத்தும் துணியின் அளவையே குறைப்பது.

நூறாண்டு கழிந்தும் அதே பேச்சு நடக்கிறது. இயற்கைச் சாயம் தோய்த்த, கைத்தறியில் நெய்த சட்டையின் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு நாமும் அந்த ரயில் பயணிகள் சொன்னதையே சொல்கிறோம். மண்ணையும் நீரையும் உழைப்பவரையும் கெடுக்காத உடைக்கு ‘சஸ்டெயினபிள் ஃபேஷன்’ என்று பெயர் வந்த பிறகு, அது வசதி உள்ளவர்களின் இன்னொரு வகைக் கடையேறல் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. இன்னொரு பக்கம், மூன்று மாதமோ ஒரு வருடமோ புதுத்துணியே எடுப்பதில்லை என்று பல நாடுகளில் பலர் உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இருப்பதால் உண்மையில் என்ன மாறுகிறது? யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு? இதைப் படித்தும், ஓராண்டு இருந்து பார்த்தும் எனக்குத் தெளிவானவற்றை இங்கே வைக்கிறேன்.

ஒரு தீபாவளியிலிருந்து மறு தீபாவளி வரை எனக்கென்று துணி எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். உள்ளாடைக்கு மட்டும் விலக்கு. முதல் வேலையாக பீரோவில் உள்ளதை எண்ணினேன். சட்டைகள் மட்டும் 34. அவற்றில் முந்தைய ஆறு மாதத்தில் ஒரு தடவைகூடப் போடாதவை 19. நான் எப்போதும் துணி இல்லை, துணி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அந்தக் காலையில் எனக்கு ஏற்பட்ட வெட்கம் அந்த வருடம் முழுவதும் துணையாக இருந்தது. ஆடித் தள்ளுபடியைக் கடப்பது எளிதாக இருந்தது. தீபாவளிதான் கடினம். நம் ஊரில் “துணி எடுத்தாச்சா?” என்பது நலம் விசாரிப்பு. இல்லை என்று சொன்னால் வீட்டில் துக்கமா, கடனா என்று கேட்கிறார்கள். அன்று காலை பழைய சட்டை ஒன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன். அம்மா அதை வாங்கி, புதுச்சட்டைக்குச் செய்வதுபோலவே காலரில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். “மஞ்சள் வச்சா அது புதுசுதான்டா” என்றாள்.

கணக்குக்கு வருவோம். உலகில் ஒவ்வோர் ஆண்டும் உருவாகும் இழையின் அளவை ‘டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச்’ என்ற அமைப்பு தொகுத்து வெளியிடுகிறது. 2000-ல் சுமார் 5.8 கோடி டன்னாக இருந்தது 2023-ல் சுமார் 12.4 கோடி டன் ஆகிவிட்டது. மக்கள்தொகை இந்தக் காலத்தில் இரண்டு மடங்காகவில்லை. துணி மட்டும் ஆகியிருக்கிறது. இதில் 57 சதவீதம் பாலியெஸ்டர், அதாவது பெட்ரோலியத்திலிருந்து இழுத்த நூல். பருத்திக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஓர் எண். 2000-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் ஓர் ஆடையைக் கழித்துக்கட்டும் முன் அதை உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்துவிட்டன. பழைய ஆடையிலிருந்து மீண்டும் புது ஆடையாக மாறும் இழை 1 சதவீதத்துக்கும் கீழே.

இந்தத் துறையில் புழங்கும் எல்லா எண்களும் நம்பத் தகுந்தவை அல்ல. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றியதாகும். உலகில் எண்ணெய்க்கு அடுத்தபடி அதிகம் மாசுபடுத்தும் தொழில் ஆடைத் தொழில்தான் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆல்டன் விக்கர் 2017-ல் அந்த வாக்கியத்தின் மூலத்தைத் தேடிப் போனார். ஆதாரம் என்று எதுவும் கிடைக்கவில்லை. ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. மானாவாரிப் பருத்திக்கு வானம் கொடுக்கும் நீரையும், பாசனப் பருத்திக்கு ஆற்றிலிருந்து இழுக்கும் நீரையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் சராசரி எந்த வயலுக்கும் பொருந்தாது. 2021-ல் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் ஃபவுண்டேஷன்’ வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்ட பருத்திக் கணக்குகள் பலவற்றைக் கேள்விக்கு உட்படுத்தியது. உலகின் வெப்ப வாயுக்களில் ஆடைத் தொழிலின் பங்கு 2 முதல் 8 சதவீதம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்வதே நிதானமான மதிப்பீடு. ஒரே துறைக்கு அது பெரிய பங்குதான். மிகைப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆடையை எத்தனை தடவை உடுத்துகிறோம் என்பதுதான் அதன் சுமையைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனின் ‘ராப்’ நிறுவனம் 2012-ல் கணக்கிட்டது: ஒரு துணியின் பயன்பாட்டை ஒன்பது மாதம் நீட்டித்தால் அதன் கரி, நீர், கழிவுச் சுமைகள் ஒவ்வொன்றும் 20 முதல் 30 சதவீதம் குறையும். பின்லாந்து ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு ஜீன்ஸை வைத்து ஐந்து வழிகளை ஒப்பிட்டார்கள். வழக்கம்போல் போட்டுக் கழிப்பது, அதிக நாள் போடுவது, கை மாற்றுவது, நூலாக்குவது, வாடகைக்கு எடுப்பது. அதிக நாள் போடுவதுதான் பூமிக்கு மிகக் குறைந்த சுமை. வாடகை எல்லாவற்றிலும் மோசமாக வந்தது. துணியைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் காரில் என்றால் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ‘பசுமை’ என்று விற்கப்படுவதை எடைபோட்டால் பல ஆச்சரியங்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் பைகளை ஆராய்ந்தது. எல்லாச் சுற்றுச்சூழல் கணக்குகளிலும் ஒரு பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால் சாதாரணப் பருத்திப் பையை 7,100 தடவையும், ஆர்கானிக் பருத்திப் பையை 20,000 தடவையும் பயன்படுத்த வேண்டும் என்று கண்டது. வெப்ப வாயுவை மட்டும் பார்த்தால் 52 தடவையும் 149 தடவையும் போதும். ஆர்கானிக்கில் மகசூல் குறைவு, அதனால் நிலம் கூடுதலாக வேண்டும் என்பது காரணம். ஆர்கானிக் கெடுதல் என்று இதற்குப் பொருள் இல்லை. விஷ மருந்து அடிக்காத வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் கூட்டம்தோறும் இலவசமாகக் கொடுக்கும் துணிப்பையால் பூமி காப்பாற்றப்படாது. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பையைக் கிழியும்வரை கொண்டுபோன நம் தாத்தாக்கள் அந்த 149 தடவையை ஓராண்டிலேயே தாண்டியிருப்பார்கள்.

சான்றிதழ்களின் நிலையும் கவலைக்குரியது. இயற்கை இழைத் துணிகளுக்குச் சான்று தரும் ‘காட்ஸ்’ அமைப்பு 2020-ல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலி ஆர்கானிக் சான்றுகள் தயாரிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களைத் தடை செய்தது. நேர்மையாக விளைவித்த விவசாயிக்கும், கூடுதல் விலை கொடுத்த வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் செய்த துரோகம் அது.

கிழியும்வரை, கிழிந்த பிறகும்

சில காலம் துணி வாங்காமல் இருப்பதைப் பலர் பல காரணங்களுக்காகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் இருந்த ஷீனா மத்தெய்கன் 2009-ல் தொடங்கி 365 நாள் ஒரே வகைக் கறுப்புக் கவுனை விதவிதமாக உடுத்தி, இந்தியக் குழந்தைகளின் படிப்புக்கு நிதி திரட்டினார். எழுத்தாளர் ஆன் பேட்செட் 2017-ஐ ஷாப்பிங் இல்லாத ஆண்டாகக் கழித்தது பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை பலரை அந்த வழிக்குக் கொண்டுவந்தது. 2022-ல் ‘ஹாட் ஆர் கூல்’ ஆய்வு நிறுவனம், வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் ஒருவர் ஆண்டுக்கு ஐந்து புது ஆடைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரம்பைச் சொன்னது.

இவற்றைவிடப் பெரிய சோதனை ஒன்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே எண்ணிக்கை. ஒட்டுப்போடவும் இழையோட்டவும் பழையதைப் பிரித்துத் தைக்கவும் சொல்லித் தரும் கையேட்டை 1943-ல் அரசே அச்சிட்டது. 1949 வரை நீடித்த அந்தத் திட்டத்தில் ஒரு நாடே எட்டு ஆண்டுகள் குறைந்த துணியில் வாழ்ந்தது. போர் தொடங்கும்போதே பீரோ நிறைய வைத்திருந்தவருக்கு அது அவ்வளவாக வலிக்கவில்லை என்பதும் உண்மை. துணி வாங்காத விரதம் இன்றும் அப்படித்தான். நிறைய இருப்பவருக்கு அது எளிது. எனக்கு எளிதாக இருந்ததற்கு அந்த 34 சட்டைகளே காரணம்.

நமக்குக் கையேடு தேவைப்பட்டதில்லை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ் வீட்டில் துணி ஓய்வு பெற்றதே கிடையாது. பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது பழந்துணிதான். பாட்டியின் நைந்த சேலையோ தாத்தாவின் வேட்டியோ. புதுத்துணியின் கஞ்சியும் முரட்டுத்தனமும் அந்தத் தோலுக்கு ஆகாது என்பது அனுபவம். அம்மாவின் நூல்சேலை தூளியாகும். பாவாடை தைக்கும்போதே உள்ளே ‘டக்’ பிடித்து வைப்பார்கள். பெண் வளர வளர அதைப் பிரித்துவிட்டால் இரண்டு வருடம் கூட வரும். அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை சித்தி மகனுக்கு. வேட்டி கிழிந்தால் அதன்மேல் மொட்டை மாடியில் வடகம் காயும். இன்னும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி, அதற்கும் பிறகு சைக்கிள் துடைக்க. நான்கைந்து பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் படுத்து வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். கடைசியில் தெருவில் எவர்சில்வர் பாத்திரக்காரர் வருவார். பழைய துணிக்குப் பாத்திரம். இரண்டு மூட்டைத் துணிக்கு ஒரு குண்டானா, டிபன் பாக்ஸா என்று அரை மணி நேரம் பேரம் நடக்கும். பட்டுச்சேலை என்றால் ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகத் தனி விலை.

இதை வறுமை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் வறுமை இருந்தது, உண்மை. ஆனால் துணியைப் பற்றிய ஓர் அறிவும் இருந்தது. எந்தத் துணி எத்தனை துவைப்புக்குத் தாங்கும், எது சாயம் போகும், எதைத் தனியாக ஊற வைக்க வேண்டும், எந்தக் கிழிசலை இழையோட்டினால் போதும், எதற்கு ஒட்டுப்போட வேண்டும் என்று வீட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின் போட்டிருந்தவர்களிடம் கிழிந்ததைக் கொண்டுபோனால், என்ன செய்யலாம் என்று மூன்று வழி சொல்வார்கள். என் விரத ஆண்டில் நான் மறுபடி கற்றுக்கொண்டவை இவைதான். பட்டன் தைப்பது, காலரைப் பிரித்துத் திருப்பிப் போடச் சொல்வது, சட்டையை உள்புறம் வெளியே வைத்து நிழலில் உலர்த்துவது. தெருமுனைத் தையற்காரர் காலர் திருப்புவதற்குக் கூலி சொல்வதற்கே யோசித்தார். அந்த வேலையைக் கேட்டு ஆள் வந்து பல வருடம் ஆகிவிட்டதாம்.

குறைக்கச் சொல்ல யாருக்கு உரிமை

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழந்துணியும் குறைந்த துணியும் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு சொல்வது அதைத்தான். 1859-ல்தான் அரசாணை வந்தது. தோளில் துண்டு போட்டதற்காகவும் வெள்ளை வேட்டி கட்டியதற்காகவும் மனிதர்கள் அடிக்கப்பட்ட ஊர்கள் நம்முடையவை. அம்பேத்கர் கோட்டும் டையும் அணிந்து நிற்கும் சிலையைப் பார்த்து நிமிர்ந்தவர்களிடம் போய் அரையாடையின் பெருமையைப் பேச முடியாது.

பிறர் உடுத்திய துணியை விலைக்கு வாங்கும் கடைகள் நம்மிடையே வேரூன்றத் தயங்குவதற்கும் இதில் ஒரு வேர் உண்டு. வீட்டுக்குள் கைமாறினால் அது பாசம். வெளியிலிருந்து வந்தால் அது எசமான் வீட்டுப் பழந்துணி, வேலைக்கார அம்மாவுக்குப் பண்டிகைக்குக் கொடுக்கும் கிழிசல். வாங்கிக் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த அவமானம் நினைவிருக்கிறது. ‘கூஞ்ச்’ அமைப்பை 1999-ல் தொடங்கிய அன்ஷு குப்தா இதைப் புரிந்துகொண்டவர். அவர் திரட்டும் பழந்துணி தானமாகப் போவதில்லை. ஊர் மக்கள் குளம் வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆகவே, முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கி, பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்கும் ஒருவரிடம் இந்தக் கட்டுரைக்குச் சொல்ல எதுவும் இல்லை. இது பீரோ மூடாத வீடுகளுக்கானது.

நொய்யல் சொல்வது

நம் பனியனும் டி-ஷர்ட்டும் பிறக்கும் ஊர் திருப்பூர். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். உலகத்துக்கு மலிவான டி-ஷர்ட் கிடைப்பதற்கு என்ன விலை என்பதை நொய்யல் ஆற்றைக் கேட்டால் தெரியும். ஒரு துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், ஏராளமான தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டும் சாயத்தோடு சேர்ந்து ஆற்றுக்குப் போயின. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை கட்டச் சொன்ன விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சும் நிலை வந்தது. தென்னை காய்ந்தது, கிணறு உப்பானது, மாடு அந்த நீரைக் குடிக்க மறுத்தது.

விவசாயிகள் விடாமல் வழக்காடினார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி இறுதியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமையாக மாறின. சாயநீரைச் சவ்வுகள் வழியே செலுத்திப் பெரும்பகுதித் தண்ணீரை மீட்டு மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் எதற்கும் உதவாத கலவை உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சுகிறது. இத்தனையும் செய்து சாயமேற்றிய துணிக்கு இறக்குமதியாளர் கூடுதலாகப் பணம் கொடுப்பதில்லை என்பது திருப்பூர்க்காரர்களின் நெடுநாள் குறை. ஆற்றைக் காக்கும் செலவை ஓர் ஊர் சுமக்க, அப்படிச் செய்யாத இன்னொரு நாட்டிடம் பத்து சென்ட் மலிவாகக் கிடைத்தால் ஆர்டர் அங்கே போய்விடுகிறது.

உழைப்பவரின் கதையும் இந்த ஊர்களில்தான் இருக்கிறது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டுகள் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுத்தார்கள். அதை முடிக்காமல் நோயுற்று வீடு திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண், மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். தொடர்ந்து போராடிய தொழிற்சங்கப் பெண்களால் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவானது. பாலியல் துன்புறுத்தலையும் சாதிக் கொடுமையையும் ஆலைக்குள் கண்காணிக்கும் பொறுப்பு தொழிலாளர்களின் கைக்கு வந்தது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு உருவான பாதுகாப்பு ஒப்பந்தமும் இப்படிச் சட்டக் கட்டுப்பாடு உள்ளது. ஆடையில் ஒட்டும் பச்சைச் சீட்டைவிட இவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

நாம் துணி வாங்காவிட்டால் இந்தத் தொழிலாளர்களுக்கு வேலை போகாதா? இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. 2020-ல் கொரோனாவின்போது பெரிய பிராண்டுகள் தைத்து முடித்த ஆர்டர்களையே ரத்து செய்தபோது பட்டினி கிடந்தது டாக்காவின் தையல் பெண்கள். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஷிப்டுகள் குறைந்தன. ஆகவே திடீரென்று எல்லோரும் நிறுத்துவது தீர்வாகாது. ஆனால் இன்றைய நிலையும் அவர்களுக்குப் பாதுகாப்பு தரவில்லை. மாதம் ஒரு ஃபேஷன், வாரம் ஒரு ஆர்டர் என்ற வேகம்தான் பீஸ் ரேட்டை நசுக்குகிறது, இரவு ஷிப்டைத் திணிக்கிறது. நான்கு சட்டைக்குக் கொடுக்கும் பணத்தில் நன்றாகத் தைத்த இரண்டு சட்டை வாங்கினால் அந்தப் பணம் தொழிலை விட்டுப் போய்விடுவதில்லை. அதில் கூலிக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சங்கமும் சட்டமும்தான் தீர்மானிக்க முடியும். கைத்தறிக்கும் இது பொருந்தும். 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சம் பேர் கைத்தறியை நம்பி இருக்கிறார்கள். வருடத்தில் எடுக்கும் இரண்டு மூன்று துணியில் ஒன்று கைத்தறிச் சுங்குடியாகவோ கண்டாங்கியாகவோ இருந்தால் அது அவர்களின் வீட்டில் தெரியும்.

கழிக்கும் துணி எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2022-ல் வந்த ஓர் அறிக்கையின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் சேரும் துணிக்கழிவு சுமார் 78 லட்சம் டன். அதில் பாதி நம் வீடுகளிலிருந்து வருவது. திருப்பூரின் கட்டிங் வேஸ்ட்டுக்கு வழி இருக்கிறது. பனியன் வேஸ்ட்டாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். மிச்சத்தைப் பிய்த்துப் பஞ்சாக்கி ‘ஓப்பன் எண்ட்’ (ஓ.இ.) மில்களில் நூலாக்குவார்கள். பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் வேறு பஞ்சோ பாலியெஸ்டரோ கலந்தால்தான் அந்த நூல் நிற்கும். உடுத்திய துணியில் இது இன்னும் சிரமம். பருத்தியும் பாலியெஸ்டரும் லைக்ராவும் கலந்த ஜீன்ஸிலிருந்து எதையும் எளிதில் தனியே பிரிக்க முடிவதில்லை.

மேற்கு நாடுகளின் பழந்துணி கண்ட்லா துறைமுகம் வழியாக ஹரியாணாவின் பானிபட்டுக்கு வந்து கம்பளி நூலாகிறது. அங்கே துணியைக் கிழிக்கும் பெண்களைப் பற்றி மேக்னா குப்தா 2012-ல் எடுத்த ‘அன்ராவல்’ ஆவணப்படத்தில், இவ்வளவு நல்ல துணியை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று அந்தப் பெண்கள் வியக்கிறார்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் விலை அதிகமோ, துவைக்க முடியாமல் எறிகிறார்களோ என்று ஊகிக்கிறார்கள். கானா நாட்டின் கண்டமாண்டோ சந்தைக்கு வாரம் ஒன்றரைக் கோடி பழைய உடைகள் வருகின்றன. அதில் ஐந்தில் இரண்டு பங்கு குப்பை என்று அங்கே பணிபுரியும் ஓர் அமைப்பு மதிப்பிடுகிறது, வியாபாரிகள் சங்கம் அதை மறுக்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் விலைச் சீட்டுகூடக் கழற்றாத துணிகள் மலையாகக் கிடக்கும் படங்களை யாரும் மறுக்கவில்லை.

இதை வாங்குபவரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது. விற்காத சரக்கைப் பெரிய நிறுவனங்கள் எரித்து வந்தன. பர்பெரி நிறுவனம் ஓராண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது 2018-ல் வெளியானது. பிரான்ஸ் 2022 முதல் அதைத் தடை செய்துவிட்டது. 2023 முதல் துணியைத் தைத்துச் சரிசெய்தால் கூலியில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் திட்டத்தையும் நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பெரிய நிறுவனங்களுக்கு இதே தடைக்கு 2026 ஜூலையைக் கெடுவாக வைத்தார்கள். பிளாஸ்டிக்குக்கும் பழைய டி.வி.க்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கிய நம் அரசு துணிக்கும் அதைச் செய்ய வேண்டும். இன்று அந்தப் பொறுப்பு பாத்திரக்காரர் தலையிலும் குப்பை பொறுக்குபவர் முதுகிலும் இருக்கிறது.

விரதத்தால் எனக்கு மிச்சமான பணம் பெரிதல்ல. ஆண்டு முடிந்ததும் நான் எடுத்தது இரண்டே உருப்படி: ஒரு வேட்டி, ஒரு கைத்தறிச் சட்டை. கடைக்காரர் காட்டிய மற்றவை கண்ணை இழுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தவரை விற்பது கடினம்.

அக்டோபர் 31 வரை என்று தொடங்கிய மதுரை விரதத்தைக் காந்தி தம் கடைசி நாள்வரை நீட்டித்தார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். அடுத்த முறை துணி எடுக்கக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து எண்ணுங்கள். ஆறு மாதமாகத் தொடாததைத் தனியே வையுங்கள். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, அந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் கடைக்குப் போகாமல் இருந்து பாருங்கள்.